மதுரையில் குடும்பத்துக்கு டீசல் வண்டி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் யார் வண்டி மாற்ற நினைத்தாலும் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். இருபது வருடமாக வீட்டுக்கு டீசல் வண்டிதான் ஓட்டுகிறேன். முதலில் ஒரு இண்டிகோ மெரினா, அப்புறம் செகண்ட்ஸில் ஒரு ஏழு சீட்டர், இப்போது பி.எஸ். 6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான்.

எஸ்டேட் கார் என்கிறார்களே, அது என்ன? இப்போது கிடைக்குமா?

சாதாரண செடான் காரின் கூரையைப் பின்பக்கம் கடைசிவரை இழுத்து, டிக்கியையும் உள்ளறையையும் ஒன்றாக்கிவிட்டால் அதுதான் எஸ்டேட். தரையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இருக்கும், உள்ளே சாமானுக்கு நீளமாக இடம் இருக்கும். நம் நாட்டில் டாடா 1992இல் எஸ்டேட் என்ற பெயரிலேயே ஒன்று கொண்டுவந்தார்கள். 2004இல் இண்டிகோ மெரினா வந்தது, 1,405 சி.சி. டீசல் இன்ஜின். இரண்டுமே நின்றுபோய் ரொம்ப வருடமாகிறது. இன்று நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் புது எஸ்டேட் எதுவும் இல்லை.

நாங்கள் வைத்திருந்த மெரினாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போகும்போது பின்சீட்டை மடக்கிவிட்டு அண்டா, குண்டான், ஒரு முழு வாழைத்தார், விரிப்புக்கட்டு எல்லாம் படுக்கைவசத்தில் தள்ளிவிடுவோம். டிக்கியின் விளிம்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும், யாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டியதில்லை. அந்த வசதி இன்று எதில் கிடைக்கும் என்று தேடினால், ஏழு சீட்டர் வண்டியில் மூன்றாம் வரிசையை மடக்கிப் போட்டால் கிடைக்கும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, ஏழு சீட்டரை ஏழு பேர் போகும் வண்டியாக நினைக்காதீர்கள். ஐந்து பேரும் அவர்களுடைய சாமானும் போக ஒரு எஸ்டேட், எப்போதாவது இரண்டு பேர் கூடினால் சமாளிக்க இரண்டு சீட். இப்படி நினைத்துப் போனால் ஷோரூமில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எனக்கு டீசல் தேவையா, பெட்ரோலே போதுமா?

நீங்கள் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் இதற்குப் பதில். பழைய வண்டியின் சர்வீஸ் பில்லை எடுத்து இரண்டு தேதிக்கு நடுவில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். மனக்கணக்கு எப்போதும் கூடுதலாகவே சொல்லும்.

கணக்குக்கு டீசல் லிட்டர் 93 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைப்போம். ஊரும் ஹைவேயும் கலந்து ஏழு சீட்டர் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, டீசல் 18 கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு 86,500 ரூபாய் சுமாராக ஆகும், டீசலுக்கு 62,000. மிச்சம் 24,500. அதே மாடலில் டீசல் ஒன்றரை லட்சம் கூடுதல் விலை என்றால் அதை எடுக்கவே ஆறு வருடம். 24,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மூன்று வருடத்தில் வந்துவிடும். சர்வீஸ் செலவும் டீசலுக்குச் சற்றுக் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்திலிருந்து விருதுநகருக்கு தினமும் வேலைக்குப் போய்வருகிறவர், தேனியில் தோட்டம் வைத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை போகிறவர், திருநெல்வேலியில் பெற்றோரை வைத்துக்கொண்டு மாதம் மூன்று முறை நாற்பத்துநாலாம் நம்பர் ரோட்டில் இறங்குகிறவர்: இவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு டீசல் சொல்வேன். வருடம் பத்தாயிரம் தாண்டாதவர் பெட்ரோல் எடுப்பதே நல்லது.

ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுவேன். டீசல் எடுத்தால் என்ன ஆகும்?

டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி அடைக்கும். இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் வண்டி எடுத்துவிட்டு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் எல்லா வண்டியும் பி.எஸ். 6. டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு அளவுக்கு இறங்கியது, அதோடு புகையில் வரும் கரித்தூளைப் பிடிக்க சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி வந்தது. அதுதான் டி.பி.எஃப். வடிகட்டி நிறையும்போது வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். மெக்கானிக்குகள் ரீஜென் என்பார்கள். இது முடிய வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். சிம்மக்கல்லிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து காளவாசல் என்று ஊர்ந்தே பழகிய வண்டிக்கு அந்தப் பதினைந்து நிமிடம் எங்கே கிடைக்கும்?

என் வண்டியிலேயே நடந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், இரண்டு மாதம் வெளியூரே போகவில்லை. எல்லீஸ் நகரிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, திரும்ப வீடு. ஒருநாள் காளவாசல் சிக்னலில் நிற்கும்போது மீட்டரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். “அண்ணே, ஆஃப் பண்ணிராதீங்க. டீசல் கால் டேங்குக்கு மேல இருக்கா? அப்படியே மேலூர் ரோட்டுல ஏறுங்க. நாலாவது கியர்லயே போங்க, ஆர்.பி.எம். ரெண்டாயிரத்துக்குக் கீழ வராமப் பாத்துக்கங்க” என்றார். ஒத்தக்கடை தாண்டும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சிட்டம்பட்டி டோலைக் கடந்து கொஞ்ச தூரத்தில் அணைந்தது. ஓரமாக நிறுத்தினால் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, வண்டிக்கு அடியிலிருந்து சுட்ட வாடை அடித்தது. எரிந்து முடிந்தால் அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் ஆயில் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றது. ஆயில் எப்படிக் கூடும்? ரீஜென் பாதியில் நிற்கும்போதெல்லாம் எரியாத டீசல் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் சேர்ந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தால் டீசல் வாசம். உடனே ஆயில் மாற்றினோம். விட்டிருந்தால் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ போயிருக்கும். அன்று முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வேலை இருக்கிறதோ இல்லையோ, வண்டியை மேலூர் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருகிறேன். டி.பி.எஃப். வண்டிக்குச் சாம்பல் குறைவாகத் தரும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கம்பெனி மேனுவலில் எழுதியிருக்கும் கிரேடைக் காட்டி வாங்குங்கள். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று கொடுக்கும் ஆயில் வேண்டாம்.

யூரியா ஊற்ற வேண்டும் என்கிறார்களே?

எல்லா வண்டிக்கும் கிடையாது. சில பி.எஸ். 6 டீசல்களில் நைட்ரஜன் புகையைக் குறைக்க 32.5 சதவீத யூரியாக் கரைசலை சைலன்சர் பாதையில் தெளிப்பார்கள். டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி இருந்தால் அந்த வண்டிதான். பெரிய செலவில்லை. தீர்ந்துபோகும்வரை விடாதீர்கள், தீர்ந்தால் பெரும்பாலான வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அந்த பாகமே பாழாகிவிடும்.

கொடைக்கானல், குமுளி என்று மலை ஏறுவோம். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியுமா?

நன்றாகத் தெரியும். மலையில் வண்டியைத் தூக்குவது டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. கியா காரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 லிட்டர் சாதா பெட்ரோல் 144 நியூட்டன் மீட்டர் கொடுக்கும், அதுவும் இன்ஜினை நன்றாக முறுக்கினால்தான். அதே 1.5 லிட்டர் டீசல் 250 கொடுக்கும், 1,500 ஆர்.பி.எம்.மிலேயே. எர்டிகா பெட்ரோல் 137 சுமார். ஆறு பேரும் ஏசியும் சாமானுமாக வத்தலக்குண்டு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெட்ரோல் வண்டி முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் தத்தளிக்கும், பலர் ஏசியை ஆஃப் செய்துவிடுவார்கள். டீசல் இரண்டாம் கியரில் அலட்டாமல் இழுத்துக்கொண்டு போகும். டர்போ பெட்ரோல் வண்டிகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆனால் ஏற்றத்தில் அவை குடிக்கும் பெட்ரோலை மீட்டரில் பார்க்கத் தைரியம் வேண்டும்.

இறங்கும்போது, எந்த வண்டியானாலும், ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி மலையிலேயே பிரேக் சூடாகி மிதி இறங்கிப்போகும். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதையும் கிளம்பும் முன் நினைவில் வையுங்கள்.

புதிதாக எடுப்பதென்றால் எந்த வண்டியைப் பார்க்கலாம்?

டீசலில் தேர்வு முன்னைப்போல் இல்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. எர்டிகா டீசல் வேண்டுமென்றால் செகண்ட்ஸ்தான். இன்னோவா ஹைகிராஸும் பெட்ரோல், ஹைபிரிட் மட்டும்.

வருடம் 25,000க்கு மேல் ஓடி, பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு இன்னோவா கிரிஸ்டா. 2016இல் வந்தது, 2,393 சி.சி., பின்சக்கரம் இழுக்கும் வண்டி, லாரிபோல் தனிச் சேஸ். நம் ரோட்டுப் பள்ளங்களையும் வருடங்களையும் அது தாங்கும். மதுரையில் எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். விற்கப் போனால் விலையும் நிற்கும். ஊருக்குள் திருப்பத்தான் கொஞ்சம் கை வலிக்கும்.

நடுத்தர ஓட்டத்துக்குக் காரன்ஸ் டீசல். எஸ்டேட்டுக்கு மிக நெருக்கமான வண்டி இதுதான் என்பது என் அபிப்பிராயம். தாழ்வு, நீளம், வளைவில் ஆட்டம் குறைவு. 2022இல் வந்தது, 2025இல் க்ளாவிஸ் என்ற பெயரில் மேம்பட்டது. ஹூண்டாய் அல்கஸாரும் அதே 1,493 சி.சி. டீசல்தான், ஆனால் அதன் மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்.யூ.வி. 700, ஸ்கார்ப்பியோ என், டாடா சஃபாரி மூன்றும் பலமான வண்டிகள். ஆனால் உயரம் அதிகம், மூன்றாம் வரிசையும் நிறுத்திவைத்தால் சாமானுக்கு இடம் சுருங்கிவிடும். கிராமத்து மண்பாதையில் தினம் போகிறவருக்கு பொலிரோ நியோ. உள்ளே வசதி எதிர்பார்க்காதீர்கள், உழைப்புக்குக் குறையிருக்காது.

ஆன்ரோடு விலை ஏன் இவ்வளவு தூக்குகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் டீசல் காருக்கு ஜி.எஸ்.டி. இரண்டே வகை. நாலு மீட்டருக்குள் நீளமும் 1,500 சி.சி.க்குள் டீசல் இன்ஜினும் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. பொலிரோ நியோ 18க்குள் வரும், காரன்ஸ் நீளத்தால் 40க்குப் போய்விடும். இவை ஷோரூம் விலையிலேயே அடங்கியிருக்கும். அதற்கு மேல் நம் மாநில வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் உயர்த்தியபின் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 வரை 18, இருபதைத் தாண்டினால் 20. பதினைந்து லட்ச வண்டிக்கு வரி மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம். இதை முதலிலேயே பட்ஜெட்டில் வைக்காமல் போனால் கடைசியில் இன்சூரன்ஸில் கைவைக்கத் தோன்றும். அதில் மட்டும் குறைக்காதீர்கள்.

ஏழு பேரும் ஏறி, பெட்டியும் வைக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வரிசை நிறுத்தினால் எர்டிகாவில் 209 லிட்டர், காரன்ஸில் 216, கிரிஸ்டாவில் 300. 216 லிட்டர் என்றால் இரண்டு சின்ன ட்ராலி, நடுவில் ஒரு கட்டைப்பை. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில் போகும் குடும்பம் எடுத்துப்போகும் சாமான் உங்களுக்கே தெரியும்.

மேலே கேரியர் அடிக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. உச்சியில் ஐம்பது கிலோ ஏற்றினால் வளைவில் வண்டி சாய்வது கையிலேயே தெரியும், காற்று பிடித்து மைலேஜும் இறங்கும். மூன்றாம் வரிசையில் ஒரு பக்கத்தை மட்டும் மடக்க முடிகிற வண்டியாகப் பார்த்து, ஆறு பேர், மிச்ச இடத்தில் சாமான் என்று போங்கள். கேஸ் சிலிண்டரை மட்டும் ஆள் உட்காரும் வண்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். சமையல் சாமானைத் தனி லோடு வண்டியில் அனுப்புவதற்கு ஆகும் ஆயிரம் ரெண்டாயிரம் ஒன்றும் பெரிதில்லை.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

சீட்டின் உயரத்தை. என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மெரினாவில் அவர் முதலில் பின்பக்கத்தைச் சீட்டில் வைத்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வார். உயரமான ஒரு எஸ்.யூ.வி.யைப் பார்க்கப் போனபோது இடதுகாலைப் படியில் வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார், எம்பிப் பார்த்தார், இறங்கிவிட்டார். “வேணாம்ப்பா, நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுலயே இருக்கேன்” என்றார். அந்த வண்டியை எடுத்திருந்தால் நிஜமாகவே ஒவ்வொரு பயணத்திலும் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார்.

சீட் உட்காருபவரின் இடுப்பளவில் இருப்பதே சரி. கீழே போனால் எழ முடியாது, மேலே போனால் ஏற முடியாது. கதவு அகலமாகத் திறக்கிறதா, பிடித்துக்கொள்ளத் தூணில் கைப்பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவரிசையில் தனித்தனிச் சீட் இருந்தால் பெரியவர்களுக்குச் சௌகரியம். மூன்றாம் வரிசைக்கு அறுபது தாண்டிய யாரையும் அனுப்பாதீர்கள்.

செகண்ட்ஸில் டீசல் எடுக்கலாமா? எதைச் சோதிக்க வேண்டும்?

எடுக்கலாம். மூன்று நாலு வருடம் ஓடிய டீசல் நல்ல கையிலிருந்து கிடைத்தால் அதைவிட லாபம் இல்லை. அந்த ‘நல்ல கை’யைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே.

காலையில் போங்கள். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் செய்து எதையோ மறைக்கிறார்கள். ஜில்லென்று இருக்கும் இன்ஜின் ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும். மதுரை வெயிலில் குளிர் ஒரு காரணமே ஆகாது. ஒருவரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லி நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டர் அல்லது டர்போ. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால், கூலண்டை யோசிக்க வேண்டும்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன்மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. மூடி குதித்து, அங்கிருந்து புகை குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, அடுத்த பார்ட்டியைப் பார்க்கப் போகலாம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அப்படியே. டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். நாலு டயரும் ஸ்டெப்னியும் ஒரே வருடமா என்று பாருங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். இது நான் பணம் கொடுத்துக் கற்றது. பத்து வருடம் முன்னால் ஒரு கார் கன்சல்டிங்கில் 68,000 ஓடியதாக ஒரு ஏழு சீட்டர் எடுத்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது, ஒரே ஓனர் என்றார்கள். மூன்று மாதம் கழித்து கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸில் விட்டபோது, கவுன்டரில் இருந்த தம்பி வண்டி நம்பரை கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். நான் வாங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பே அந்த வண்டி 1,42,000க்கு சர்வீஸ் ஆகியிருந்தது. கன்சல்டிங்கில் கேட்டால் “நாங்க வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு” என்றார்கள். கிளட்ச், இன்ஜெக்டர், சஸ்பென்ஷன் புஷ் என்று அந்த வருடம் மட்டும் எழுபதாயிரம் போனது. பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்ததை வாங்கும்போதே பார்த்தேன், அதன் அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கம்பெனியின் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொல்லி ஹிஸ்டரி கேளுங்கள். ஓனரையும் அழைத்துப் போனால் காட்டிவிடுவார்கள். காட்ட ஓனர் தயங்கினால், அதுவே பதில். அரசின் பரிவாகன் ஆப்பில் எத்தனையாவது ஓனர், லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். டிராவல்ஸில் மஞ்சள் போர்டாக ஓடி, ஓன் போர்டாக மாற்றிய வண்டிகளும் சந்தையில் சுற்றுகின்றன. ஆர்.சி.யில் முதல் பதிவு என்ன வகை என்று பாருங்கள். லோன் முடிந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. மூன்றிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

கேரள வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறதே?

குமுளி வழியாக நிறைய வருகிறது. அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வந்து நம் மாநில வரியைக் கட்டி, டி.என். 58, 59, 64 என்று உங்கள் அலுவலகத்துக்கு உரிய நம்பர் வாங்க வேண்டும். வரியையும் அலைச்சலையும் கூட்டினால் குறைந்த விலையில் பெரும்பகுதி போய்விடும். அங்கே மழை அதிகம் என்பதால் வண்டிக்கு அடியில் குனிந்து துருவையும் பாருங்கள். எனக்கு அவ்வளவு விருப்பமில்லை.

டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்கிறார்களே?

அது டெல்லியும் அதைச் சுற்றிய பகுதியும் சம்பந்தப்பட்ட உத்தரவு. தமிழ்நாட்டில் சொந்த வண்டியின் பதிவு 15 வருடம், டீசலானாலும் பெட்ரோலானாலும். அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். இந்தப் பயத்தைக் காட்டி உங்கள் ஒன்பது வயது வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அதனால் டீசலுக்குப் போகலாமா?

20 சதவீத எத்தனால் பெட்ரோலில் மைலேஜ் சற்றுக் குறையும் என்பது உண்மை. பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களைக் கவனிக்கவும் வேண்டும். டீசலில் அந்தக் கலப்பு இல்லை. ஆனால் வருடம் ஏழாயிரம் ஓட்டுகிறவர் இதற்காக டீசல் எடுத்தால் டி.பி.எஃப். தொல்லையைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

கோரிப்பாளையம் நெரிசலில் தினம் நிற்கிறவர் எடுக்கலாம். டீசல் மேனுவலில் கிளட்ச் மிதி கனமாக இருக்கும், பலவற்றில் கிளட்சோடு சேர்ந்த, அதிர்வைக் குறைக்கும் இரட்டை ஃப்ளைவீல் என்பதால் கிளட்ச் மாற்றும் செலவும் பெரியது. கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் ஆட்டோமேட்டிக்கே மேல். கிரிஸ்டா டீசலில் மேனுவல் மட்டும்தான்.

பாதுகாப்பு மதிப்பெண் எவ்வளவு முக்கியம்?

ரொம்ப முக்கியம், குடும்பமே ஒரு வண்டியில் போகிறது அல்லவா. சஃபாரி, எக்ஸ்.யூ.வி. 700, ஸ்கார்ப்பியோ என் மூன்றும் மோதல் சோதனையில் 5 ஸ்டார். செகண்ட்ஸில் மஹிந்திரா மராஸோ பார்க்கிறவர்களுக்கு, அது 4 ஸ்டார். காரன்ஸ் 2022இல் 3 ஸ்டார்தான் வாங்கியது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. எந்த வண்டியானாலும் மூன்றாம் வரிசையில் தலைச்சாய்ப்பும் தோள்பட்டை வழியாக வரும் பெல்ட்டும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பின்னால் உட்காருகிறவர்களையும் பெல்ட் போட வையுங்கள். நம் ஊரில் அதை யாரும் செய்வதில்லை. நான் எல்லோரும் போட்ட பிறகுதான் வண்டியை எடுப்பேன், மாமனாராக இருந்தாலும்.

மழைத் தண்ணீரில் ஓட்டலாமா?

மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும்போது ஒரு பஸ் போகிறதே என்று பின்னாலேயே இறங்காதீர்கள். டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம். காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி வெளியே கொண்டுவந்து டோ செய்யுங்கள். இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, அதை எடுத்து வையுங்கள். பங்கில் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டாலும் இதே விதி: சாவியையே போடாமல் டேங்கைக் காலி செய்ய வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் இறங்கி நின்று ‘டீசல்’ என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன்.

டெஸ்ட் டிரைவ் எப்படிப் பார்ப்பது?

ஷோரூம்காரர் காட்டும் நேர்ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள், சித்திரை வைகாசியாக இருந்தால் இன்னும் நல்லது. வண்டி வெயிலில் நின்றிருக்க வேண்டும். ஏசியைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் கடைசி வரிசைக்குக் குளிர் வருகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மூன்றாம் வரிசைக்குத் தனிக் காற்றுத்துளை இல்லாத வண்டியில் பின்னால் உட்காருகிறவர் வெந்துபோவார். ஒரு பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். நத்தம் ரோட்டு மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் ஏறினால் இன்ஜின் சத்தமும் காற்றுச் சத்தமும் தெரிந்துவிடும். இறங்கியதும் ஏதாவது குண்டும் குழியுமான தெருவுக்குள் விடுங்கள்.

வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போங்கள், பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை. உங்கள் பெட்டி ஒன்றையும் எடுத்துப் போய் டிக்கியில் வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். திரும்பி வரும்போது சாவியை மகனிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டு, நீங்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வாருங்கள். பத்து நிமிடம் போதும். வண்டி நின்றதும் யாருடைய கையும் பிடிக்காமல் அங்கிருந்து இறங்க முடிந்ததென்றால், விலையைப் பேச ஆரம்பிக்கலாம்.